பழைய லொறியின் எரிபொருள் முள்



கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையில் பழைய லொறி ஒன்று நிற்கக் கண்டால், அதன் ஓட்டுநர் ஆசனத்தின் பின்னே சற்று எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு குச்சி கிடக்கக்கூடும். அதிலே கத்தியால் கீறிய சில கோடுகள் இருக்கும். தாங்கியின் மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து, டீசல் எவ்வளவு இருக்கிறதென்று ஓட்டுநர் அறிந்துகொள்வார். அதே லொறியின் முகப்புப் பலகையில், வட்டக் கண்ணாடிக்குள்ளே, எரிபொருளின் அளவைக் காட்டுவதற்கென்றே ஒரு முள்ளும் இருக்கிறது. முள் இருக்கக் குச்சி எதற்கு? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நம் கரையோரத்துப் போக்குவரத்தின் வரலாற்றையும், மின்சாரத்தின் எளிய விதி ஒன்றையும், அவ்விதியை மறந்ததனால் வந்த இடர்களையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்புக்கு இரயில் வந்தது 1928ஆம் ஆண்டில். அது அங்கேயே நின்றுவிட்டது. வாவியைத் தாண்டித் தெற்கே வரவில்லை. கல்லடியில் மனிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டிருந்தமையால், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களுக்குத் தரைவழி திறந்திருந்தது. ஆகவே சம்மாந்துறையின் நெல்லும், கல்முனைக் கடலின் மீனும், மருதமுனையின் கைத்தறிப் புடைவையும் வெளியூர் செல்வதற்கு முதலில் மாட்டுவண்டியும் பின்னர் லொறியுமே துணையாயின. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அணையைக் கட்டியது. வயல்கள் பெருகின; நெல் மூடைகள் பெருகின; அவற்றைச் சுமக்கும் லொறிகளும் பெருகின. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, இக்கரையின் வாணிபம் முற்றாக நாற்சில்லு வண்டியின் மேலேயே ஏறிவிட்டது எனலாம்.

அந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைகள் கைவிட்டுச் சென்ற லொறிகள் உலகெங்கும் குடிமக்களின் தொழிலுக்கு வந்தன. கனடா நாடு மட்டும் அப்போருக்காக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைச் செய்து அனுப்பியது; அவற்றுள் ஃபோர்ட், செவ்ரலே லொறிகள் மிகுதி. இங்கிலாந்தின் லூற்றன் நகரிலிருந்து வந்த பெட்போர்ட் லொறியையோ நம்மவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அன்று வாங்கிய லொறியை அன்றோடு விட்டுவிட நம்மால் முடியவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் தொடங்கி 1977ஆம் ஆண்டு வரையிலும் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதிய லொறி கிடைப்பது அரிது. உதிரிப்பாகம் கிடைப்பது அதனினும் அரிது. ஆதலால் பழையதைச் செப்பனிட்டு ஓட்டும் கலை இங்கே வளர்ந்தது. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி தளர்ந்து, ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கியபோது, பெற்றோல் குடித்த பழைய பெட்போர்ட்டின் வயிற்றிலே டீசல் இயந்திரத்தை இருத்தினார்கள். இயந்திரம் மாறியது, அதனோடு மின்னழுத்தமும் மாறியது. முகப்புப் பலகையில் இருந்த முள் மட்டும் மாறவில்லை. தொல்லை தொடங்கியது இங்கேதான்.

தொல்லையைச் சொல்லுமுன் முள்ளின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். 1908 முதல் 1927 வரை ஃபோர்ட் நிறுவனம் செய்த புகழ்பெற்ற ‘ரி’ மாதிரி மோட்டார் வண்டியில் எரிபொருள்மானி என்ற ஒன்றே இல்லை. முன் ஆசனத்தைத் தூக்கி, கீழேயுள்ள தாங்கியில் மரக்குச்சியை விட்டே பார்க்க வேண்டும். உலகின் பெருஞ்செல்வ நாட்டு வண்டியும் குச்சியோடுதான் தொடங்கியது என்பதை நம் ஓட்டுநர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். அடுத்து வந்த ‘ஏ’ மாதிரி வண்டியில் தாங்கி ஓட்டுநரின் கண்ணெதிரே, முகப்புப் பலகைக்குப் பின்னாலேயே இருந்தது. மிதவையின் அசைவு நேரே கண்ணாடிக்குள் தெரிந்தது. பெற்றோல் தாங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது போன்ற அந்த அமைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. தாங்கி வண்டியின் பின்புறத்துக்கோ பக்கவாட்டுக்கோ நகர்ந்தது. தூரத்திலுள்ள தாங்கியின் நிலையை ஓட்டுநருக்கு எப்படி அறிவிப்பது? காற்றழுத்தத்தால் கண்ணாடிக் குழாயில் நிறநீரை ஏற்றிக் காட்டும் கருவிகளைச் சிலர் செய்து பார்த்தனர். 1930களில் மின்சாரம் அப்பணியை ஏற்றுக்கொண்டது.

அக்காலத்து மின் எரிபொருள்மானிகளுள் சிறந்த ஒருவகையில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று முள்ளை ‘வெறுமை’ என்ற பக்கத்துக்கும், மற்றது ‘நிறைவு’ என்ற பக்கத்துக்கும் இழுக்கும். பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் முதலாம் சுருளைக் கடந்து ஒரு சந்திக்கு வருகிறது. அச்சந்தியிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒரு வழி இரண்டாம் சுருளினூடே வண்டியின் உடலுக்குச் செல்கிறது. மற்ற வழி நீண்ட கம்பியாகத் தாங்கிக்குச் சென்று, அங்கே மிதவையோடு அசையும் ஒரு தடைக்குள் நுழைந்து, வண்டியின் உடலை அடைகிறது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அந்தத் தடை, தாங்கி வெறுமையாயிருக்கும்போது பூச்சியம். நிறைந்திருக்கும்போது 30 ஓம்.

தாங்கி வெறுமையானால் மின்னோட்டம் தடையற்ற அந்த வழியே ஓடிவிடும். இரண்டாம் சுருள் பட்டினி கிடக்கும். முதலாம் சுருள் முள்ளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தாங்கி நிறைய நிறையத் தாங்கி வழி இறுகும்; இரண்டாம் சுருளுக்கு அதிக மின்னோட்டம் கிடைக்கும்; முள் நிறைவை நோக்கிப் போகும். இதிலே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முள் காட்டுவது மின்னோட்டத்தின் அளவையன்று. இரு சுருள்களின் மின்னோட்டங்களுக்கும் இடையேயுள்ள விகிதத்தை. பற்றரி தளர்ந்தால் இரண்டு இழுப்பும் ஒருங்கே தளரும். முள் இருந்த இடத்திலேயே இருக்கும். தளர்ந்த பற்றரியைக் கண்டு எரிபொருள் தீர்ந்ததென்று முள் பொய் சொல்லக்கூடாது என்பதற்காகவே இவ்வாறு அமைத்தார்கள்.

இனி மின்னழுத்தத்துக்கு வருவோம். பிரெஞ்சு நாட்டவரான காஸ்ரன் பிளான்ரே 1859ஆம் ஆண்டில் ஆக்கிய ஈய அமிலப் பற்றரியின் ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். மூன்று கலம் சேர்ந்தால் 6 வோல்ற்று. அமெரிக்க வாகனங்கள் நெடுங்காலம் இந்த 6 வோல்ற்றிலேயே ஓடின. போர்க்காலத்து ஜீப்பும் அப்படியே. இயந்திரங்கள் வலுப்பெற்று, அவற்றைச் சுழற்றித் தொடக்குவது கடினமானபோது 6 வோல்ற்றுப் போதவில்லை. 1953ஆம் ஆண்டு மாதிரிகளில் கடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் ஆகியன 12 வோல்ற்றுக்கு மாறின. 1955இல் செவ்ரலேயும் 1956இல் ஃபோர்ட்டும் பின்தொடர்ந்தன. பெட்போர்ட் போன்ற ஆங்கில லொறிகள் முன்னரே 12 வோல்ற்றில் இருந்தன. பெரிய டீசல் இயந்திரங்களுக்கோ 24 வோல்ற்றே உகந்ததாயிற்று.

இம்மாற்றத்தின் பயன் பெரிது. ஒரே வலுவைக் கொடுக்க இரட்டை அழுத்தத்தில் பாதி மின்னோட்டம் போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியிலே வெப்பமாக வீணாவது காற்பங்காகும். மெல்லிய கம்பி போதும், விளக்கு மங்காது, அதிகாலைக் குளிரிலும் இயந்திரம் எழும். ஆனால் கம்பிக்கு நன்மை செய்த அதே விதி, பழைய கருவிக்குத் தீமையாக முடிகிறது. தடை மாறாத ஒரு சுருளுக்கு அழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். வெப்பமோ நான்கு மடங்காகும். ஒரு கருவி 12 வோல்ற்றில் கால் அம்பியர் மின்னோட்டம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். அது 3 உவாற்று வலுவை வெப்பமாக்கும். அதையே 24 வோல்ற்றில் மாட்டினால் அரை அம்பியர் பாய்ந்து 12 உவாற்று வெப்பமாகும். விரல் நுனியளவு சுருளுக்கு இது பொறுக்க இயலாத சூடு. கம்பியின் மேலுள்ள மெழுகுப்பூச்சு கருகும். சுருளுக்குச் சுருள் மின் தாவும். ஈற்றில் கம்பி அறும்.

இதிலே ஏமாற்றும் இயல்பு ஒன்றுண்டு. விகிதத்தைக் காட்டும் கருவியாதலால், இரட்டை அழுத்தத்திலும் முள் சரியாகவே காட்டும். மாற்றிய அன்று ஓட்டிப் பார்ப்பவர், ‘ஒரு குறையுமில்லை’ என்று எண்ணிவிடுவார். சில நாளிலோ சில கிழமையிலோ முள் செத்துவிடும். அதன் பிறகு குச்சி.

செத்த முள்ளைவிடப் பொல்லாதது, பொய் சொல்லும் முள். எனக்குக் காக்கா முறையான ஒருவர் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றும் தொழில் செய்தவர். அவருடைய பழைய பெட்போர்ட் டீசலுக்கும் 24 வோல்ற்றுக்கும் மாறியபின், முள் கருகிவிடாதிருக்கத் தடை ஒன்று இட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறிவுரை சரியே. வேலை செய்தவர் அத்தடையை இட்ட இடந்தான் பிழை. பற்றரியிலிருந்து மானிக்கு வரும் கம்பியில் இடாமல், மானியிலிருந்து தாங்கிக்குச் செல்லும் கம்பியில் இட்டுவிட்டார். உகண கடந்து மகாஓயாவுக்குச் செல்லும் காட்டுவழியிலே, முழுச்சுமையோடு, மாலை மங்கும் நேரத்தில் லொறி நின்றது. யானை நடமாடும் இடம். டீசல் இயந்திரம் எரிபொருள் தீர்ந்து நின்றால், மீண்டும் ஊற்றியவுடன் எழும்பாது. குழாய்களுக்குள் புகுந்த காற்றையெல்லாம் கைவிசையை அமுக்கி அமுக்கி வெளியேற்ற வேண்டும். அன்றிரவு முழுவதும் அவரும் உதவியாளும் மூடைகளின் மேலே விழித்திருந்தார்கள். ஏன் குச்சியை விட்டுப் பார்க்கவில்லை என்று நான் கேட்டேன். “முள் அரைக்கு மேலே நின்றதே தம்பி, நான் ஏன் குச்சியை எடுக்கப்போகிறேன்?” என்றார். அவர்மேல் குற்றமில்லை.

முள் ஏன் பொய் சொன்னது என்பதை முன்னர்ச் சொன்ன கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வெறுமைக்குப் பூச்சியமும் நிறைவுக்கு 30 ஓமும் உள்ள மானியின் தாங்கிக் கம்பியில் 15 ஓம் தடையொன்றைச் செருகினால், தாங்கி முற்றாக வற்றினாலும் மானிக்குத் தெரிவது 15 ஓம். அது ஏறத்தாழ அரைத்தாங்கியின் கணக்கு. அரைக்குக் கீழே அந்த முள் ஒருநாளும் இறங்காது. சுருளின் சூடும் போதிய அளவு தணியாது. ஆகப் பொய்யும் நிலைத்தது, வெப்பமும் நிலைத்தது. அதே தடையைப் பற்றரிப் பக்கத்தில் இட்டால் நிலைமை வேறு. அது இரண்டு சுருள்களுக்கும் முன்னே நின்று இரண்டுக்கும் ஒரே அளவில் குறைப்பதால், விகிதம் கெடுவதில்லை. முள் உண்மையே பேசும். நான் முன்னே எடுத்துக்காட்டிய கருவிக்கு, கால் அம்பியரில் 12 வோல்ற்றைக் குறைக்க 48 ஓம் வேண்டும். கடையில் கிடைக்கும் 47 ஓம் தடை போதுமானது. இயந்திரம் ஓடும்போது 24 வோல்ற்றுத் தொகுதி 28 வோல்ற்று வரை ஏறுமாதலால், 10 உவாற்றுத் தாங்கும் கம்பித் தடையாக இருத்தல் நன்று. அது சுடும், ஆகவே காற்றுப்படும் உலோகத் தகட்டில், வயர்களுக்கு எட்டப் பொருத்த வேண்டும். மானிக்கு மானி மின்னோட்டம் வேறுபடும். அளந்து பார்த்தே தடையைத் தெரிவு செய்தல் வேண்டும். 6 வோல்ற்றிலிருந்து 12க்கு மாறிய பழைய ஃபோர்ட், செவ்ரலே வண்டிகளிலும் இரு சுருள் மானியாயின் முறை இதுவே.

குறுக்குவழி ஒன்றும் வழக்கில் உண்டு. 24 வோல்ற்று வண்டியில் 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இருக்கும். நடுவிலிருந்து ஒரு கம்பியை எடுத்தால் 12 வோல்ற்றுக் கிடைத்துவிடும் அல்லவா? கிடைக்கும். ஆனால் ஒரு பற்றரி மட்டும் கூடுதலாக உழைக்கும், மற்றது ஓய்ந்திருக்கும். மின்னேற்றம் இரண்டுக்கும் தொடராகவே செல்வதால், உழைத்தது என்றும் குறையாகவும் ஓய்ந்தது என்றும் மிகையாகவும் இருந்து, இரண்டும் காலத்துக்கு முன்பே கெடும். எரிபொருள்மானி ஒன்றுக்கு மட்டும் எடுத்தால் தீங்கு சிறிது. ஆனால் அதே கம்பியில் வானொலியும், விசிறியும், கைத்தொலைபேசி மின்னேற்றியும் வந்து தொற்றிக்கொள்வதை நாம் காண்கிறோம்.

எல்லா மானியும் இரு சுருள் மானியல்ல. வெப்பத்தால் வளையும் இரட்டை உலோகத் தகட்டைக் கொண்ட வகையும் உண்டு. அதன் முள் மெல்ல மெல்ல ஏறுவதைக் கொண்டு அதை இனங்காணலாம். அது விகிதத்தை அறியாது. கிடைக்கும் மின்னோட்டத்தின் சூட்டையே அறியும். ஆகவே அதற்கு மாறாத அழுத்தம் வேண்டும். ஸ்மித்ஸ் கருவிகளில் இதற்கென 10 வோல்ற்று நிலைப்படுத்தியும், 1956ஆம் ஆண்டு முதல் ஃபோர்ட் வண்டிகளில் 5 வோல்ற்று நிலைப்படுத்தியும் வைக்கப்பட்டன. இத்தகைய மானிக்கு வெறுந்தடை பொருந்தாது. தாங்கியின் நிலை மாறுந்தோறும் மின்னோட்டம் மாறி, தடை பிடித்துக்கொள்ளும் அழுத்தமும் மாறிவிடும். மூன்று கால்களுள்ள சிறிய மின்னணு நிலைப்படுத்தி ஒன்று இன்று சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வெப்பம் கடத்தும் தகட்டோடு அதைப் பொருத்துவதே தக்கது.

இயந்திரத்தோடு தாங்கியையும் மாற்றியவர்களுக்கு வேறொரு வியப்புக் காத்திருக்கும். பல ஜப்பானிய வாகனங்களின் மிதவைத் தடை நேர்மாறாக வேலை செய்வது. வெறுமையில் தடை மிகுதி, நிறைவில் குறைவு. அந்தத் தாங்கியைப் பழைய பெட்போர்ட்டின் மானியோடு இணைத்தால், டீசல் ஊற்ற ஊற்ற முள் வெறுமையை நோக்கி இறங்கும்! இதற்கு வோல்ற்றைக் குறை கூறிப் பயனில்லை. பழைய தாங்கியின் மிதவைக் கருவியைப் புதிய தாங்கியில் பொருத்த வேண்டும். அல்லது மானியையும் மிதவையையும் ஒரே இனமாக மாற்ற வேண்டும்.

நம் கரையோரத்துக்கென்றே உரிய நோயும் ஒன்றுண்டு. அது உப்புக் காற்று. மிதவைத் தடையின் மின்னோட்டம் தாங்கியின் உலோகத்தின் வழியே வண்டியின் உடலுக்குத் திரும்ப வேண்டும். தாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையே இறப்பர்த் துண்டும், புதிதாகப் பூசிய மையும், கடற்காற்றுத் தந்த துருவும் நின்றால், அவையும் தடையாகிவிடும். தாங்கிக் கம்பியில் சேரும் எந்தத் தடையும், அது மனிதன் இட்டதாயினும் துரு இட்டதாயினும், முள்ளை உயர்த்தியே காட்டும். ஆகவே தாங்கியிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்து முறுக்கிவிடுவது நல்லது. மானி நலமாயிருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி: மானியின் பின்னேயுள்ள தாங்கிக் கம்பியைக் கழற்றினால் முள் நிறைவுக்கு ஓட வேண்டும், அம்முனையைக் கணநேரம் வண்டியின் உடலோடு தொட்டால் வெறுமைக்கு வர வேண்டும். இரு சுருள் மானிக்கே இச்சோதனை பொருந்தும். பெற்றோல் வண்டியாயின் தாங்கியின் வாயருகே இதனைச் செய்தலாகாது. ஒரு பொறி போதும்.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் இன்றி வாடியது நேயர்களுக்கு மறந்திராது. நிரப்பு நிலையங்களுக்கு முன்னே இரவும் பகலும் வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது, லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்று தொடக்கத்தில் அளந்தார்கள். லீற்றருக்கு நாலைந்து கிலோமீற்றர் ஓடும் பழைய லொறிக்கு அது இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீற்றர். ஒரு கிழமைக்கான பிழைப்பு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். தாங்கியில் இருப்பது பதினைந்து லீற்றரா, இருபத்தைந்தா என்பது அந்நாளில் சிறிய வினாவாக இருக்கவில்லை.

என் காக்காவின் லொறியின் முள்ளைச் சரிசெய்தது அந்தக் கிழமைகளில்தான். வேலையின்றி நின்ற லொறியைச் சாய்ந்தமருதில் ஓர் இளைய மெக்கானிக் பார்த்தார். மின்னளவி ஒன்றைக் கொண்டு கம்பிகளைத் தொடர்ந்து சென்று, தவறான இடத்திலிருந்த தடையைக் கழற்றினார். மானி எவ்வளவு மின்னோட்டம் கொள்கிறதென்று தனியாக ஒரு 12 வோல்ற்றுப் பற்றரியில் அளந்து, அதற்கேற்ற தடையைப் பற்றரிப் பக்கத்தில் இட்டார். தாங்கிக்குச் சட்டத்தோடு புதுக்கம்பி இணைத்தார். பின்னர், தாங்கியில் எஞ்சியிருந்த டீசலை வடித்தெடுத்து, ஐந்து ஐந்து லீற்றராக அளந்து ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் குச்சியை விட்டு நனைந்த இடத்தில் கோடு கீறி, முள் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டார்கள். இருபது லீற்றரோடு டீசல் தீர்ந்துவிட்டது. மேற்பாதியை அடுத்த கிழமைப் பங்கு கிடைத்த பின்னரே குறிக்க முடிந்தது. முகப்புப் பலகையின் ஓரத்தில் வெள்ளை மையால் இட்ட அந்தச் சிறு கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். கீழ்ப்பாதியில் அவை நெருங்கியும் மேற்பாதியில் விலகியும் இருக்கின்றன. குச்சியும் ஆசனத்தின் பின்னே அதே இடத்தில் கிடக்கிறது.